ஆங்கில வாக்கியத்தில் இடம்தான் எல்லாம்: தமிழ் தெரிந்தவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஆங்கிலம் கற்றுக்கொள்ள உட்காரும் பலர் முதலில் தேடுவது ஓர் அட்டவணையைத்தான். பன்னிரண்டு காலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம், பக்கத்திலேயே மூன்று வரிசையில் வினைச்சொற்கள். அதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் உருப்படியாக வருவதில்லை. அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் தமிழில் யோசிக்கிற ஒருவருக்கு ஆங்கிலம் எந்த இடத்தில் கால் தடுக்கும் என்பதை அது சொல்லாது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஒரே வரியில் சொல்வதென்றால், தமிழ் சொல்லின் கடைசியில் ஒட்டிச் செய்கிற வேலையை ஆங்கிலம் சொல் நிற்கிற இடத்தை வைத்தும், சில குட்டிச் சொற்களை வைத்தும் செய்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மற்றதில் பாதி தானாகவே விளங்கும்.

‘நாய் பூனையைத் துரத்தியது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘பூனையை நாய் துரத்தியது’ என்றும் சொல்லலாம், கொஞ்சம் நாடகத்தனமாக ‘துரத்தியது பூனையை நாய்’ என்றும் சொல்லலாம். மூன்றிலும் ஓடியது பூனைதான், துரத்தியது நாய்தான். பூனையோடு ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால் அது வாக்கியத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும் துரத்தப்பட்ட பூனைதான். ஆங்கிலத்தில் ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதை மாற்றி ‘தி கேட் சேஸ்ட் தி டாக்’ என்று வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் இப்போது பூனை நாயைத் துரத்துகிறது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், வினைக்குப் பின்னால் நிற்பது செயலுக்கு ஆளானது. அவ்வளவுதான் அங்கே வேற்றுமை.

ஆங்கிலம் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன, அதனால் சொற்களைக் கொஞ்சம் தாராளமாக இடம் மாற்றவும் முடிந்தது. போகப் போக அந்த ஈறுகள் பேச்சில் தேய்ந்து மறைந்தன, வரிசை இறுகியது. அந்தப் பழைய ஈறுகளின் மிச்சம் இன்றைக்கு முக்கியமாக ‘ஐ – மீ’, ‘ஹி – ஹிம்’, ‘ஷி – ஹெர்’, ‘தே – தெம்’ போன்ற சில ஜோடிகளிலும், உடைமையைக் காட்டும் ‘ஸ்’ ஒலியிலும்தான் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த நமக்கு இது ஏழ்மையாகத் தெரியலாம், ஆனால் படிப்பவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு: மனப்பாடம் செய்ய ஈறுகள் அதிகம் இல்லை.

அடிப்படை வரிசை இதுதான்: யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது. ‘ஐ மெட் ஹெர் இன் தி லைப்ரரி யெஸ்டர்டே.’ தமிழில் வினை கடைசியில் வரும், ‘நான் நேற்று நூலகத்தில் அவளைச் சந்தித்தேன்’. ஆங்கிலத்தில் அது இரண்டாவது இடத்துக்கு ஓடி வந்துவிடுகிறது. பேசும்போது திணறல் வருவதற்குப் பெரிய காரணமே இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தமிழில் எல்லா விவரத்தையும் அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வினையை யோசிக்க நேரம் கிடைக்கும், ஆங்கிலத்திலோ இரண்டாவது சொல்லிலேயே வினையைச் சொல்லியாக வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டு மொழிகளும் கண்ணாடியில் தெரிவதுபோல ஒன்றுக்கொன்று தலைகீழ். ‘நேற்று நூலகத்தில் படித்த புத்தகத்தின் பெயர்’ என்ற தொடரைக் கடைசியிலிருந்து முன்னால் வாசித்துப் பாருங்கள்: பெயர், புத்தகத்தின், படித்த, நூலகத்தில், நேற்று. இப்போது ஆங்கிலம்: ‘தி நேம் ஆஃப் தி புக் ஐ ரெட் இன் தி லைப்ரரி யெஸ்டர்டே’. அதே வரிசை! ‘நூலகத்தில்’ என்பதில் ‘இல்’ பின்னால் ஒட்டுகிறது, அங்கே ‘இன்’ முன்னால் நிற்கிறது. ‘படித்த’ என்ற பெயரெச்சம் இங்கே புத்தகத்துக்கு முன்னால் வருகிறது, அங்கே அந்த விவரம் முழுக்க புத்தகத்துக்குப் பின்னால் போகிறது. ‘நேற்று வந்த பையன்’ அங்கே ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’. எல்லாமே தலைகீழ் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ‘பெரிய வீடு’, ‘சிவப்புச் சட்டை’ போன்ற ஒற்றை அடைமொழிகள் இரண்டு மொழியிலும் முன்னால்தான் வருகின்றன. ஆனால் நீளமான தொடர் ஒன்று வாயில் சிக்கிக்கொள்ளும்போது கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கிப் பாருங்கள், பெரும்பாலும் வழி கிடைக்கும்.

மேலே உள்ள உதாரணத்தில் ‘ஐ’, அதாவது ‘நான்’, எங்கிருந்தோ வந்து முளைத்ததைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் ‘வந்தேன்’ என்றால் போதும், யார் என்பதை ‘ஏன்’ விகுதியே சொல்லிவிடும். வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம் என்று வினையே ஆளைக் காட்டுவதால் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பது நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால் எழுவாய் இடம் காலியாக இருக்கவே கூடாது. சொல்வதற்கு ஆளே இல்லாத இடத்தில்கூட ஒரு ‘இட்’ போட்டு அந்த இடத்தை நிரப்புவார்கள். ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் அந்த ‘இட்’ எது என்று தேடாதீர்கள், அது நாற்காலியைக் காலியாக விடாமல் போட்டுவைத்த துண்டு மாதிரி.

இதோடு சேர்ந்து வருகிற இன்னொன்று ‘எனக்கு’. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இருபது வயது. தமிழில் தெரிவதும் பிடிப்பதும் பசிப்பதும் நமக்கு நேர்கிறவை, நாம் செய்கிறவை அல்ல. ஆங்கிலம் அப்படிப் பார்ப்பதில்லை, ‘எனக்கு’ எல்லாவற்றையும் ‘நான்’ ஆக்கிவிடும்: ‘ஐ நோ’, ‘ஐ லைக் இட்’, ‘ஐ வான்ட் இட்’, ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் ட்வென்டி’. தினசரிப் பேச்சில் இந்த ‘எனக்கு’ வாக்கியங்கள் எவ்வளவு வருகின்றன என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தொடக்கத்தில் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழகினாலே பேச்சு கணிசமாக நகரும்.

வினையே இல்லாத வாக்கியம்

‘அவர் மருத்துவர்.’ ‘இது என் வீடு.’ தமிழில் இவை முழு வாக்கியங்கள், வினை எதுவும் இல்லை, தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதனால் ‘இஸ்’, ‘ஆம்’, ‘ஆர்’ நடுவில் வரும்: ‘ஹி இஸ் எ டாக்டர்’, ‘திஸ் இஸ் மை ஹவுஸ்’. இதை ஒருமுறை கற்றுக்கொண்ட பிறகு பலர் எதிர்ப்பக்கமாகச் சறுக்கி, எல்லா வாக்கியத்திலும் ஒரு ‘ஆம்’ போட்டுவிடுவார்கள்: ‘ஐ ஆம் கோ’, ‘ஐ ஆம் அக்ரீ’. இரண்டும் தப்பு. ‘கோ’வும் ‘அக்ரீ’யும் தாமே வினைகள், இன்னொரு வினை எதற்கு? வேறு வினை இல்லாதபோது இந்த ‘இஸ்’ குடும்பம் வரும். அது தவிர ‘இங்’ வடிவத்துக்கு முன்னாலும் (‘ஐ ஆம் கோயிங்’), நம்முடைய ‘படு’ வினை மாதிரி ‘அது கட்டப்பட்டது’ என்று சொல்லும் இடத்திலும் (‘இட் வாஸ் பில்ட்’) வரும். வேறு எங்கே போடத் தோன்றினாலும் ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள்.

‘இருக்கிறது’ என்பதிலும் ஒரு சின்னக் குழி உண்டு. ‘புத்தகம் மேசையில் இருக்கிறது’ என்றால் ‘இஸ்’. ‘என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது’, ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’ என்றால் ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் எ புக்’, ‘ஐ ஹேவ் எ சிஸ்டர்’. ‘இங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது’ என்று ஒன்றைப் புதிதாக அறிமுகப்படுத்தினால் ‘தேர் இஸ் எ ப்ராப்ளம்’. தமிழில் ஒரே ‘இரு’, அங்கே மூன்று வழி.

கேள்வியும் மறுப்பும்

ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், காலங்களை அல்ல. பேச்சில் பாதி, கேட்பதும் மறுப்பதும்தான். தமிழில் இது அநியாயத்துக்கு எளிது: வந்தான் என்றால் வந்தானா, வருகிறாள் என்றால் வருகிறாளா, கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி. ஆங்கிலத்தில் கேள்வி பிறப்பது, நம் தலைப்பில் சொன்னபடியே, இடமாற்றத்தால். ‘ஷி இஸ் ரெடி’ என்பதைத் திருப்பினால் ‘இஸ் ஷி ரெடி?’ ‘யூ கேன் ஸ்விம்’ என்பது ‘கேன் யூ ஸ்விம்?’ இதுவரை சுகம்.

‘யூ லைக் இட்’ என்பதை எப்படித் திருப்புவது? ‘லைக் யூ இட்?’ என்று இன்றைய ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. முன்னால் போய் நிற்கும் வேலையை ‘இஸ்’, ‘கேன்’, ‘வில்’, துணைவினையாக வரும் ‘ஹேவ்’ போன்ற சிலதான் செய்யும், மற்ற வினைகள் நகராது. அதனால் ‘டூ’ என்ற கூலியாளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறார்கள்: ‘டூ யூ லைக் இட்?’ மறுப்புக்கும் அதே ஆள்தான்: ‘ஐ டோன்ட் லைக் இட்’. இந்த ‘டூ’வுக்குப் பொருள் எதுவும் கிடையாது, தமிழில் பெயர்க்க முயன்றால் தலைவலிதான் மிச்சம்.

இதில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. நிகழ்காலத்தில் அவன், அவள், அது வந்தால் வினையோடு ஒரு ‘ஸ்’ சேரும் அல்லவா, ‘ஷி வொர்க்ஸ்’ என்று? கேள்வியாக்கினால் அந்த ‘ஸ்’ வினையை விட்டுக் கிளம்பி ‘டூ’வின் மேல் ஏறி ‘டஸ்’ ஆகிவிடும்: ‘டஸ் ஷி வொர்க்?’ வினை வெறும் ‘வொர்க்’காகத் திரும்பிவிடுகிறது. இறந்தகாலமும் அதேபோல்தான், ‘யூ வென்ட்’ என்பதில் உள்ள இறந்தகாலத்தை ‘டிட்’ வாங்கிக்கொள்வதால் ‘டிட் யூ கோ?’ என்று வரும். ‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்டால் ஒரே சுமையை இரண்டு பேர் தலையிலும் ஏற்றியதாகிவிடும். காலமும் ஆளும் ஒரு வாக்கியத்தில் ஓரிடத்தில் மட்டும் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தப்பு வராது.

எங்கே, எப்போது, ஏன் போன்ற கேள்விச் சொற்கள் முதலில் போய் நின்றுகொள்ளும், அதன் பிறகு மேலே சொன்ன திருப்பல் அப்படியே நடக்கும்: ‘வேர் இஸ் ஹி?’, ‘வென் டிட் யூ கோ?’ ஆனால் அந்தக் கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் திருப்பல் கிடையாது. ‘அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது’ என்பது ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’. கடைசியில் ‘இஸ் ஹி’ என்று வராது, அது இப்போது கேள்வி இல்லையே. நன்றாகப் பேசுகிறவர்களும் தடுமாறும் இடம் இது.

அப்புறம் நம்முடைய ‘இல்லையா?’. தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் அதைக் கட்டலாம் என்பதால் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்?’ என்று கட்டிவிடுகிறோம். அங்கே வால் தலையைப் பார்த்து மாறும்: ‘ஹி கேம், டிடின்ட் ஹி?’, ‘யூ ஆர் ரெடி, ஆரின்ட் யூ?’ தொடக்கத்தில் இது கஷ்டமாக இருந்தால் ‘ரைட்?’ என்று முடித்துவிடுங்கள், பேச்சு வழக்கில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காலங்கள்: பன்னிரண்டு என்பது பெரிய வார்த்தை

சரி, காலங்களுக்கு வருவோம். ஆங்கில வினை தன் வடிவத்தை மாற்றிக் காட்டுவது இரண்டு காலங்களைத்தான், நிகழ்காலமும் இறந்தகாலமும். எதிர்காலத்துக்கென்று அங்கே தனி ஈறு கிடையாது, ‘வில்’ என்ற துணைச்சொல்லையோ ‘கோயிங் டு’ என்ற தொடரையோ வைத்துச் சமாளிக்கிறார்கள். பன்னிரண்டு என்று அட்டவணையில் வருவதெல்லாம் இந்த இரண்டோடு ‘வில்’, ‘இஸ்’ குடும்பம், ‘ஹேவ்’ குடும்பம் சேர்ந்து உண்டாகும் கூட்டல்கள். அதில் சில தினமும் தேவைப்படும், சில மாதத்தில் ஒருமுறை வந்தால் அதிகம். ‘வில் ஹேவ் பீன் டூயிங்’ மாதிரியானதைத் தொடக்கத்தில் படிப்பது வீண்வேலை.

தினமும் தேவைப்படுவதில் நம்மைக் குழப்புவது இரண்டு. ஒன்று, தமிழில் ‘படிக்கிறேன்’ என்பது வழக்கமாகப் படிப்பதையும் சொல்லும், இந்த நிமிடம் படித்துக்கொண்டிருப்பதையும் சொல்லும். ஆங்கிலம் இதைப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறது: வழக்கம் என்றால் ‘ஐ ரீட்’, இப்போது என்றால் ‘ஐ ஆம் ரீடிங்’. கொஞ்சம் யோசித்தால் தமிழிலும் ‘கொண்டிரு’ போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல முடிந்தால் பெரும்பாலும் ‘இங்’. இந்தச் சோதனை இன்னொன்றுக்கும் உதவும்: ‘தெரிந்துகொண்டிருக்கிறது’, ‘பிடித்துக்கொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை, அதனால் ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் லைக்கிங்’ என்பதும் வேண்டாம். இரண்டாவது, தமிழில் பழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையும் பயன்படுத்துகிறோம், ‘தினமும் காலையில் நடப்பேன்’ என்று. அதை அப்படியே ‘ஐ வில் வாக் எவ்ரி மார்னிங்’ என்று சொன்னால், கேட்பவர் நீங்கள் இனிமேல்தான் நடக்கப் போவதாக எடுத்துக்கொள்வார். பழக்கம் என்றால் ‘ஐ வாக்’ போதும்.

பலரும் பயப்படுகிற ‘ஹேவ்’ வடிவம் தமிழருக்கு உண்மையில் சுலபமாக வர வேண்டியது. வந்தார், வந்திருக்கிறார், வந்திருந்தார் என்று நாம் தினமும் பிரித்துப் பேசுகிறோமே, அதுதான் ‘கேம்’, ‘ஹேஸ் கம்’, ‘ஹேட் கம்’. நடந்து முடிந்தது, அதன் விளைவு இன்னும் நம்மிடம் இருக்கிறது என்றால் ‘இரு’ போடுகிறோம், அவர்கள் ‘ஹேவ்’ போடுகிறார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ கூடாது, சாதாரண இறந்தகாலம்தான். ‘நேற்றே வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அங்கே ‘ஹி கேம் யெஸ்டர்டே’ மட்டும்தான்.

குட்டிச் சொற்களில் ‘எ’வும் ‘தி’யும் பற்றி ஒரு வார்த்தை. கதை சொல்லும்போது ‘ஒரு நாய் இருந்தது, அந்த நாய்க்கு…’ என்று தொடங்குகிறோம் பாருங்கள், அந்த ‘ஒரு’வும் ‘அந்த’வும்தான் இவற்றின் தமிழ்ச் சொந்தங்கள். கேட்பவருக்கு எது என்று இன்னும் தெரியாவிட்டால் ‘எ’, எது என்று தெரிந்துவிட்டால் ‘தி’. தமிழில் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிட்டு ‘கதவைத் திற’ என்கிறோம், அங்கே எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரிந்ததால் ‘ஓப்பன் தி டோர்’. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘எ’ என்பது ‘அன்’ ஆகும், பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல: ‘அன் அவர்’ சரி, ‘எ யுனிவர்சிட்டி’யும் சரி.

‘இல்’ என்ற ஒரே உருபுக்கு அங்கே ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்று பேர். உள்ளே என்றால் ‘இன்’, மேல்பரப்பில் பட்டுக்கொண்டு என்றால் ‘ஆன்’, ஒரு புள்ளியாக நினைத்தால் ‘அட்’: அறையில், மேசையில், வாசலில். நேரத்துக்கும் பெரியதிலிருந்து சிறியதாக அதே வரிசை, ஆண்டுக்கும் மாதத்துக்கும் ‘இன்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மணிக்கு ‘அட்’. இதற்கு மேல் விதிவிலக்குகள் இருக்கின்றன, அவற்றை விதியாகப் படிக்காமல் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்வதுதான் நல்லது.

சொற்கள்: ஏற்கெனவே தெரிந்தவையும், தெரிந்ததாக நினைப்பவையும்

தமிழ் பேசும் யாரும் ஆங்கிலச் சொற்களைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. பென்சில், பஸ் காலத்திலிருந்தே நூற்றுக்கணக்கில் நம் வாயில் புழங்குகின்றன. ஆனால் அவற்றில் வினைகளை எப்படி வைத்திருக்கிறோம் என்று கவனியுங்கள்: கேட்ச் பண்ணினேன், டிரைவ் பண்ணுவேன், சென்ட் பண்ணு என்று ஒரு ‘பண்ணு’ சேர்த்துக்கொள்கிறோம். காலம், ஆள், மறுப்பு எல்லாவற்றையும் ‘பண்ணு’ சுமக்கிறது, ஆங்கிலச் சொல் அசையாமல் ஒரே வடிவத்தில் நிற்கிறது. விளைவு என்னவென்றால், சொல் தெரியும், அதன் இறந்தகாலம் தெரியாது. ‘கேட்ச்’ தெரிந்தவருக்கு ‘காட்’ வராது, ‘டிரைவ்’ தெரிந்தவருக்கு ‘ட்ரோவ்’ வராது. (சிலர் ‘send’ என்பதற்குப் பதில் ‘sent’ என்று ஏற்கெனவே இறந்தகாலத்தையே பண்ணிக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை.) அதனால் தமிழில் ‘பண்ணு’ சேர்த்துப் பேசும் வினைகளை நினைவுக்கு வரவர எழுதி, ஒவ்வொன்றுக்கும் இறந்தகால வடிவத்தை மட்டும் பக்கத்தில் எழுதிக்கொள்வது கையில் இருக்கும் சரக்கையே இரட்டிப்பாக்கும் வேலை.

தமிழுக்கு வந்தபோது பொருள் திரும்பிவிட்ட சொற்களும் உண்டு. ‘ஃபோன் ரிப்பேர்’ என்றால் நமக்கு அது கெட்டுவிட்டது, ஆங்கிலத்திலோ ‘ரிப்பேர்’ என்றால் சரிசெய்வது; கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். கெட்டுவிட்டதைச் சொல்ல ‘இட் இஸ்ன்ட் வொர்க்கிங்’ போதும். ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் நமக்கு வருத்தப்படாதே என்று அர்த்தம், அங்கே ‘ஃபீல்’ மட்டும் சொன்னால் எப்படி உணர்ந்தீர்கள் என்ற பாதி காணாமல் போகும், ‘ஐ ஃபெல்ட் சேட்’ என்று முடிக்க வேண்டும். ‘எனக்கு ஒரு டவுட்’ என்று கைதூக்குவதும் அப்படித்தான், பிற நாட்டவருக்கு ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை, நீங்கள் கேட்க வந்தது ‘எ கொஸ்டின்’.

எத்தனை சொற்கள் தேவை என்ற கேள்விக்குச் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் வெறும் 850 சொற்களை வைத்து ஒரு சுருக்க ஆங்கிலத்தை முன்வைத்தார், அதில் வினைகளுக்குரிய இடத்தில் 18 சொற்கள்தான் இருந்தன: கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் மாதிரியானவை. 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2000 சொற்கள், சாதாரண எழுத்தில் பெரும்பகுதியை அவையே மூடிவிடுகின்றன. ஆக்டனின் சுருக்கத்தை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை, ஆனால் அந்த 18 எப்படிப் போதுமானது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது: ‘கோ இன்’, ‘கெட் அப்’, ‘புட் ஆன்’, ‘கிவ் அப்’ என்று சின்ன வினையும் சின்ன ஒட்டும் சேர்ந்து பெரிய சொற்களின் வேலையைச் செய்துவிடுகின்றன. இது நமக்குப் புதிதல்ல. ‘பார்’ என்பதிலிருந்து பார்த்துக்கொள், எதிர்பார் என்று நாம் செய்வதில்லையா? அவர்கள் ‘லுக்’ என்பதிலிருந்து ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று செய்கிறார்கள். தேடுவது ‘லுக் ஃபார்’. ஒட்டு மாறினால் அர்த்தம் மாறும் என்பதால் இவற்றை ஒரே சொல்லாக நினைத்துப் படிக்க வேண்டும்.

அதிகம் புழங்கும் வினைகள்தான் ஒழுங்கில்லாமல் மாறுகின்றன என்பது இன்னொரு வேடிக்கை. பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ என்று முன்வரிசையில் நிற்பவற்றில் ஒன்றுகூட ‘ஈடி’ போட்டு இறந்தகாலம் ஆவதில்லை. அவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், ஆனால் தினமும் வருவதால் சீக்கிரமே பதிந்துவிடும். ‘ஈடி’ போடுபவற்றில் உச்சரிப்பு மட்டும் கவனம்: ‘வாக்கெட்’ இல்லை ‘வாக்ட்’, ‘ஹெல்ப்பெட்’ இல்லை ‘ஹெல்ப்ட்’. வினை ஏற்கெனவே t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும் கூடுதலாக ஓர் அசை வரும், ‘வான்ட்’ என்பது ‘வான்டட்’ ஆவது போல.

சொல்லைத் தனியாகப் படிக்காமல் அதன் துணையோடு படியுங்கள் என்பதற்கு ‘போடு’வைவிட நல்ல சாட்சி கிடையாது. சட்டை போடு, லைட்டைப் போடு, சத்தம் போடு, கையெழுத்துப் போடு. அகராதியில் ‘போடு’ என்றால் ‘புட்’. அதை வைத்து நான்கையும் சொல்லிப் பார்த்தால் சட்டைக்கு மட்டும் ‘புட் ஆன்’ என்று தப்பிக்கலாம், லைட்டுக்கு ‘ஸ்விட்ச் ஆன்’, சத்தத்துக்கு ‘மேக் எ நாய்ஸ்’, கையெழுத்துக்கு வெறும் ‘சைன்’. மறுபக்கமும் இப்படித்தான், நாம் முடிவை எடுக்கிறோம், அவர்கள் பெரும்பாலும் ‘மேக்’ செய்கிறார்கள். ‘டிஸ்கஸ்’ என்பதோடு ‘அபவுட்’ சேராது, ‘பற்றி’ என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்று சொல்ல முடியாது, ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’. குறிப்பேட்டில் ‘டிசிஷன் – முடிவு’ என்று எழுதுவதற்குப் பதில் ‘மேக் எ டிசிஷன்’ என்று மூன்று சொல்லையும் எழுதினால் ‘எ’ எங்கே வரும் என்ற கவலையும் சேர்ந்தே தீரும்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அன்றைக்குத் தமிழில் நீங்கள் உண்மையாகவே சொன்ன சில வாக்கியங்களை எடுத்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றையும் கேள்வியாக்குங்கள், மறுப்பாக்குங்கள். புத்தகத்து வாக்கியங்களைவிட இது கஷ்டம், ஏனென்றால் ‘எனக்கு’வும் ‘போடு’வும் ‘இல்லையா’வும் இதில்தான் வந்து மாட்டும்.

அப்படிக் கேள்வி பதில் பழகும்போது ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ‘நீங்கள் வரவில்லையா?’ என்று தமிழில் கேட்டால், வராதவர் ‘ஆமாம், வரவில்லை’ என்பார்; கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலத்தில் ‘ஆரின்ட் யூ கம்மிங்?’ என்று கேட்டால் கேள்வி எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல் நடப்பை மட்டும் பார்க்க வேண்டும்: வருவதாக இருந்தால் ‘யெஸ், ஐ ஆம்’, வராவிட்டால் ‘நோ, ஐ ஆம் நாட்’. ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டால் அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.